கேமிங் கணினிக்குத் தொந்தரவு தராத மாற்று மதர்போர்டு எது?

கேள்வி – கடற்கரைக்காற்று

வணக்கம். திருவான்மியூரில் கடலுக்கு மிக அருகில் வசிக்கிறேன். என் கணினியில் ரைசன் 5 5600 புராசஸர், பி450 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 3600 ரேம், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு ஆகியவை உள்ளன. சில மாதங்களாக விளையாட்டின் நடுவே திரை கறுத்து, கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, பின்பக்க யூ.எஸ்.பி. போர்ட்டுகள் இரண்டு அடியோடு செத்துவிட்டன. ரேமை வேறு கணினியில் போட்டுச் சோதித்ததில் பிழை எதுவும் வரவில்லை. சர்வீஸ் கடையில் போர்டைக் கழற்றி, அந்த போர்ட்டுகளின் சால்டர் முனைகளில் பச்சை பூத்திருப்பதைக் காட்டினார்கள். புராசஸரையும் ரேமையும் அப்படியே வைத்துக்கொண்டு, 12,000 ரூபாய்க்குள் போர்டை மட்டும் மாற்ற விரும்புகிறேன். ஓவர்கிளாக் செய்யும் எண்ணமில்லை. கத்திரி வெயிலிலும் ஏ.சி. இல்லாத அறையில் நின்றுவிடாமல் ஓடினால் போதும். பி450, பி550, எக்ஸ்570 ஆகிய சிப்செட்டுகள் (போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சில்லு) கொண்ட போர்டுகளில் எதை வாங்கலாம்?

பதில் – சால்டர்மணம்

பச்சை பூத்த போர்டை மாற்றத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் விளையாடும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆவதற்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸும் (கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) காரணமாக இருக்கலாம் என்பதால், புதுப் போர்டுக்குப் பணம் கட்டுமுன் நண்பர் ஒருவரிடமிருந்து நல்ல எஸ்.எம்.பி.எஸ். இரவல் வாங்கி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருந்தால், கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அதை வைத்துப் போர்டையோ எஸ்.எம்.பி.எஸ்.ஸையோ குற்றம் சொல்ல முடியாது. பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பதில் – நிதானன்

மேலே சொன்னதை முடித்துவிட்டு பி550 வாங்குங்கள். இன்னொரு பி450 வாங்கினாலும் ஓடும். ஆனால் ஆர்எக்ஸ் 6600, கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் எட்டு லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு, பி450இல் அது பிசிஐஇ 3.0 வேகத்தில்தான் இயங்கும், பி550இல் 4.0 கிடைக்கும். பெரும்பாலான விளையாட்டுகளில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது என்றாலும், விலையில் பெரிய இடைவெளி இல்லாதபோது பழையதை ஏன் எடுக்க வேண்டும்? எக்ஸ்570 உங்களுக்குத் தேவையில்லை. அதன் முதல் தலைமுறைப் போர்டுகளில் பெரும்பாலானவை சிப்செட்டின் மேலேயே ஒரு சின்ன விசிறியோடு வந்தவை. நம் ஊர்த் தூசியில் முதலில் முனகத் தொடங்குவது அந்த விசிறியாகத்தான் இருக்கும்.

சிப்செட்டின் பெயரைவிட, புராசஸருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் வி.ஆர்.எம். பகுதிதான் முக்கியம். பி550 என்ற ஒரே பெயரில் வரும் போர்டுகளிலேயே, சாக்கெட்டின் இடப்புறத்திலும் மேற்புறத்திலும் உள்ள வி.ஆர்.எம். மாஸ்ஃபெட்டுகளின் (மின்சுவிட்சுகளின்) மேல் வெப்பத்தை வெளியேற்றும் கனத்த அலுமினிய ஹீட்சிங்க் வைத்தவையும் உண்டு, ஒன்றுமே வைக்காமல் மொட்டையாக விட்டவையும் உண்டு. 5600 வெறும் 65 வாட் புராசஸர் என்பதால் மொட்டைப் போர்டும் சமாளிக்கும்தான். ஆனால் அறையே 38 டிகிரியில் இருக்கும் மே மாதப் பிற்பகலில் அந்த ஹீட்சிங்க் தரும் நிம்மதிக்குச் சில நூறு ரூபாய் அதிகம் கொடுக்கலாம். பிற்பாடு 105 வாட் கொண்ட 5700எக்ஸ்3டி போன்ற ஒன்றுக்கு மாறினாலும் அது கைகொடுக்கும்.

அடுத்தது பயாஸ், அதாவது கணினி ஆன் ஆனதும் முதலில் இயங்கும் போர்டின் மென்பொருள். பி550 போர்டுகள் 2020இல் வந்தவை, உங்கள் 5600 வந்தது 2022இல். கடையில் நெடுநாள் கிடந்த பெட்டியாக இருந்தால், பழைய பயாஸில் திரையே வராமல் போகக்கூடும். ஆகவே புராசஸர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் பின்பக்கத்தில் உள்ள மாடலாகத் தேர்ந்தெடுங்கள், அல்லது ரிச்சி தெருவில் வாங்கும்போதே கடைக்காரரை ஏற்றித் தரச் சொல்லுங்கள். 500 வரிசைச் சிப்செட்டுகளில் யூ.எஸ்.பி. இணைப்பு விட்டுவிட்டு அறுபடுவதை 2021இல் ஏஎம்டியே ஒப்புக்கொண்டு, பயாஸுக்குள் இருக்கும் தன் அடிப்படை நிரலான ஏஜீசாவின் 1.2.0.2 பதிப்பு வழியாகச் சரிசெய்தது. கேம் நடுவே நொடிப்பொழுது திக்கவைத்த எஃப்டிபிஎம் (புராசஸருக்குள்ளேயே இயங்கும் பாதுகாப்பு வசதி) கோளாறு 2022இல் வந்த 1.2.0.7இல் தீர்ந்தது. இவற்றுக்குப் பிந்தைய பயாஸ் இருந்தால் போதும். மாதாமாதம் புதிது தேடி ஏற்றுவது வீண் வேலை.

ரேம் துண்டுகளைப் புராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் செருகுங்கள். முதல் வாரம் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் மேல் குறித்த வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) இயக்காமல் ஓட்டுங்கள். பிறகு 3600க்கு ஏற்றும்போது தடுமாறினால், ஏஎம்டி இந்தப் புராசஸருக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 3200தான் என்பதை நினைவில் வைத்து அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதில் – பழையபேட்டை

வாரன்டி இல்லாத செகண்ட் ஹேண்ட் போர்டுகள் பக்கம் போகாதீர்கள். கடலோர வீட்டிலிருந்து கழற்றி வந்ததா என்று யாரும் எழுதித் தரப் போவதில்லை. இன்னொன்று: உங்கள் புராசஸரின் சாக்கெட் வகையான ஏஎம்4இல் பின்கள் புராசஸரில்தான் இருக்கின்றன. கூலரை நேராக மேலே இழுத்தால், இரண்டுக்கும் இடையே பூசிய பேஸ்ட் காய்ந்திருந்தால் புராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்களை வளைத்துவிடும். கணினியைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிய பிறகு, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுங்கள்.

கேள்வி – கடற்கரைக்காற்று

அனைவருக்கும் நன்றி. எஸ்.எம்.பி.எஸ். மாற்றிப் பார்த்தும் ரீஸ்டார்ட் நிற்கவில்லை, ஆகவே ஹீட்சிங்க் உள்ள பி550 வாங்கப் போகிறேன். விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டுமா?

பதில் – நிதானன்

பெரும்பாலும் வேண்டாம், அதே எஸ்எஸ்டியில் பூட் ஆகிவிடும். ஆனால் எஸ்எஸ்டியைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், போர்டைக் கழற்றுமுன் அதை நிறுத்திவிடுங்கள், அல்லது ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். போர்டு மாறியதும் விண்டோஸ் அதைத்தான் கேட்கும். தனியாக வாங்கிய ரீட்டெயில் உரிமம் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக மீண்டும் ஆக்டிவேட் செய்யலாம். கணினியோடு சேர்ந்து வரும் ஓஇஎம் உரிமம் பழைய போர்டோடு கட்டுண்டது என்பதால், புது உரிமத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.