தோட்டம் கைமாறுகிறது: நகராண்மைக் கழகத்தின் வாடகை வீட்டை நம்பி லயத்தை விட்டு இறங்கலாமா?

லயத்துப்பிள்ளை (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். நான் பிறந்த தோட்டம் மலேசியாவில் எங்கள் சிறு பட்டணத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வரப்போகிறது என்கிறார்கள். சென்ற மாதம் நில அளவையாளர்கள் வந்து, மாரியம்மன் கோயிலுக்குப் பின்புறம் தொடங்கிப் பழைய பால் ஸ்டோர் வரைக்கும் சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். அவற்றுள் ஒன்று என் தாயாரின் கோழிக்கூண்டு வாசலுக்கு நேரே நிற்கிறது. லயத்தில், அதாவது தோட்டப் பாட்டாளிகளின் வரிசை வீடுகளில், எஞ்சியிருப்பவை 38 குடும்பங்கள். பெரும்பாலோர் வேலை ஓய்வு பெற்றவர்கள். மற்றவர்கள் அவர்களை விட்டுப் போக மனமில்லாத பிள்ளைகள்.

தோட்ட அலுவலகத்தில் எங்களைக் கூட்டிச் சொன்ன செய்தி இதுதான்: பட்டணத்தில் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் உள்ள மூன்று புளோக் அடுக்குமாடியில் மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்) வாடகைக்கு வீடு கிடைக்கும், மனுப் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். பாரம் வாங்க முகப்பிடத்துக்குப் போனபோது, காத்திருப்போர் பட்டியல் நீளமானது என்றும், எப்போது அழைப்பு வரும் என்று சொல்ல இயலாது என்றும் கூறினார்கள். அன்று மாலை அந்த அடுக்குமாடிக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, நன்றாக இருட்டிய பிறகு எண்ணிப் பார்த்தேன். நடுப் புளோக்கில் மட்டும் பதினோரு வீடுகளில் விளக்கு எரியவில்லை. மறுநாளும் போய் எண்ணினேன், அதே பதினொன்றுதான்.

காலி வீடு இருக்கும்போது பட்டியல் ஏன் நகரவில்லை என்பதும், இன்னொரு புளோக் வேண்டுமென்றால் அதை முடிவு செய்பவர் யார் என்பதும் எனக்குப் புரியவில்லை. பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டால், நாங்கள் கேட்டுவரும் தரைவீட்டுக் கோரிக்கையை, அதாவது அடுக்குமாடியாக இல்லாமல் நிலத்தோடு கூடிய வீடு வேண்டும் என்பதைக் கைவிட்டதாக ஆகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கோப்பு

தம்பி, வேறொரு மாநிலத்தில், உங்கள் நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றமொன்றின் வீடமைப்புப் பிரிவில் 26 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வாடகை அடுக்குமாடி என்றவுடன் நகராண்மைக் கழகமே கட்டி நகராண்மைக் கழகமே வைத்திருக்கிறது என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மூன்று கைகள் இதில் இருக்கின்றன. நிலம் மாநில அரசுக்குரியது. 1998-இல் தொடங்கிய மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் கீழ், அதாவது நாம் பிபிஆர் என்று சொல்லும் திட்டத்தின் கீழ், கட்டடத்துக்குப் பணம் போடுவது கூட்டரசு, அதாவது மத்திய அரசு. கட்டுவிப்பது தேசிய வீடமைப்பு இலாகா. கட்டி முடித்த பின் சாவியைப் பெற்றுக்கொண்டு, வாடகை வசூலித்து, கூரை ஒழுகினால் ஆள் அனுப்புவது மாநில அரசோ ஊராட்சி மன்றமோ. ஆகவே புதிய புளோக் என்பது உங்கள் நகராண்மைக் கழகத் தலைவர் ஒருவர் கையெழுத்தில் முடிகிற காரியமன்று. மாநிலம் நிலம் ஒதுக்க வேண்டும், ஊராட்சி மன்றம் தேவையை எழுதிக் காட்ட வேண்டும், கூட்டரசின் வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு இடம் கிடைக்க வேண்டும். இந்த மூன்றில் நடுவில் உள்ளதுதான் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது: தேவையை எழுதிக் காட்டுவது. மனுவே வராத பட்டணத்துக்குத் தேவை இருக்கிறது என்று எந்த அதிகாரியும் எழுத மாட்டார்.

இனி அந்தப் பதினோரு வீடுகள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 124 வெள்ளி என்றால் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 1,488 வெள்ளி. புளோக்குக்கு அறுபது வீடு என்று வைத்துக்கொண்டால், ஒருவர்கூடப் பாக்கி வைக்காமல் கட்டினாலும் ஆண்டுக்கு 89,280 வெள்ளிதான் வரும். தண்ணீர்த் தொட்டி, நீரேற்றும் இயந்திரம், கழிவுநீர்க் குழாய், படிக்கட்டு விளக்கு, புல்வெட்டு, பூச்சு எல்லாவற்றுக்கும் அதுதான். பாதிப்பேர் பாக்கி வைத்தால் மிஞ்சுவது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. சிறு பட்டணத்து ஊராட்சி மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி வருமானமும் குறைவு. கடைவீதி இரண்டு வரிசைதானே.

வீட்டைக் காலி செய்பவர்கள் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போவதில்லை. நான் பணியில் இருந்தபோது திரும்பப் பெற்ற ஒரு வீட்டில் சமையல் தொட்டியைப் பெயர்த்து எடுத்துப் போயிருந்தார்கள். சுவரைக் கொத்தி மின்கம்பியை உருவியிருந்தார்கள். கழிவறைக் கதவு இருந்த இடத்தில் அரிசிச் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வீட்டைப் பழுதுபார்க்க விலைப்புள்ளி கோரி, ஒப்புதல் பெற்று, குத்தகையாளர் வந்து முடிப்பதற்குள் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. இன்னும் சில வீடுகள் காலியானவையே அல்ல. வாடகைக்காரர் இறந்திருப்பார், மகன் உரிமை கேட்டு வழக்காடிக்கொண்டிருப்பான். அல்லது வாடகைக்காரர் வேறு ஊரில் வீடு வாங்கிக்கொண்டு இதை மூன்று மடங்கு வாடகைக்கு உள்வாடகை விட்டு, அந்த ஆள் அண்மையில்தான் வெளியேறியிருப்பார். எங்கள் பட்டியல் நகராததற்குப் பாதிக் காரணம் இந்த உள்வாடகைதான். அதிகாரிகளின் சுணக்கமும் ஒரு காரணம் என்பதை மறைக்க மாட்டேன்.

பாரத்தைக் கொடுங்கள். பட்டியலில் உங்கள் இடத்தைத் தீர்மானிப்பதில் மனு செய்த தேதிக்கு மதிப்பு உண்டு.

நான்காம் மாடி

மேலே ஐயா எழுதியது வாடகை வீட்டைப் பற்றியது. நான் சொல்ல வருவது விலைக்கு வாங்கிய மலிவு விலை அடுக்குமாடியைப் பற்றியது, ஏனென்றால் தோட்டத்தை விட்டு எழுப்பும்போது இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பேசுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் பேசினார்கள்.

வாடகை வீட்டில் கூரை ஒழுகினால் உரிமையாளரைக் கேட்கலாம். வாங்கிய வீட்டில் உரிமையாளரே நீங்கள்தான். 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, வீட்டு உரிமையாளர்கள் கூட்டு நிர்வாக மன்றம் அமைத்து, மாதப் பராமரிப்புக் கட்டணமும் அதில் பத்து விழுக்காட்டைச் சேமிப்பு நிதியாகவும் வசூலித்து, பொது இடங்களைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மன்றத்தின் பொருளாளராக நான் நான்கு ஆண்டுகள் அடிபட்டிருக்கிறேன். காலமெல்லாம் தோட்ட நிர்வாகம் குழாயைத் திருத்தி, சாக்கடையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்துக் கொடுத்துப் பழகிய நம் மக்களிடம், படிக்கட்டு விளக்குக்கும் மாதாமாதம் காசு கொடுங்கள் என்று கேட்பது எளிதன்று. என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திய வீடுகளில் என் சொந்தச் சித்தப்பா வீடும் ஒன்று.

ஆனாலும் மன்றம் இருப்பதால் ஒரு பயன் உண்டு. மலேசிய வீடமைப்புப் பராமரிப்பு நிதி என்று கூட்டரசு நிதி ஒன்று இருக்கிறது. மலிவு விலை அடுக்குமாடியில் கூரை, தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிக் கம்பி, பூச்சு போன்ற வேலைகளுக்குத் தொண்ணூறு விழுக்காட்டை அது ஏற்கும். பத்து விழுக்காட்டைக் குடியிருப்பாளர்கள் போட வேண்டும். அந்தப் பத்து விழுக்காட்டைத் திரட்ட எங்களுக்கு இரண்டு தீபாவளி ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறு பட்டணங்களில் கட்டும் ஐந்து மாடிக் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் மின்தூக்கி கிடையாது. என் மாமியார் இறந்தபோது பெட்டியை நான்காம் மாடியிலிருந்து படிக்கட்டு வழியாகத்தான் இறக்கினோம். திருப்பத்தில் பெட்டி திரும்பவில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கி, கீழ்ப்படியில் இரண்டு பேர் தோளில் தாங்கி, ஏறக்குறைய நிமிர்த்திய நிலையில் கொண்டுவந்தார்கள். கீழே வாகன நிறுத்துமிடத்தில் கூடாரம் அடிக்கவும் பக்கத்துப் புளோக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. உங்கள் தாயாருக்கு வயதாகிறது என்றால், கீழ்த்தளம் வேண்டும் என்று பாரத்திலேயே எழுதிவிடுங்கள்.

பாலத்தைக் கடப்பவன்

நான் ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். அங்கே 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில்தான் குடிமக்களில் ஏறக்குறைய பத்துக்கு எட்டுப் பேர் வாழ்கிறார்கள். கட்டுவது கழகம், துப்புரவும் மின்தூக்கியும் நகர மன்றங்களின் வேலை, அதற்கு மாதக் கட்டணமும் தனிச் சேமிப்பு நிதியும் உண்டு. கட்டுபவரும் பராமரிப்பவரும் வேறு வேறு என்பது அங்கும் அப்படித்தான். ஆனால் பராமரிப்புக்கு என்று கணக்கை முதலிலேயே பிரித்துவைத்திருக்கிறார்கள். நமக்கு இல்லாதது இதுதான்.

பழைய கோப்பு

சிங்கப்பூரோடு ஒப்பிடுவது காதுக்கு இனிமையாக இருக்கும். அங்கே ஒரே அரசு. நிலமும் பணமும் ஒரே பையில். இங்கே நிலம் ஒரு பையில், பணம் வேறு பையில், குறைகேட்பவன் பையில் ஒன்றுமில்லை. எங்களிடம் சிலர், வாடகை வீடுகளையெல்லாம் குடியிருப்பவர்களுக்கே விற்றுவிட்டால் தொல்லை தீரும் என்று சொல்வதுண்டு. விற்கும் பிபிஆர் வீடுகளுக்குத் தீபகற்பத்தில் 35,000 வெள்ளி என்று விலை வைத்தார்கள். அந்த விலைக்குக் கிடைத்தவர்களுக்கு அது வரந்தான். ஆனால் விற்ற வீடு அடுத்த ஏழைக்குத் திரும்பி வராது. நம் பழைய துரைமார்களின் நாடான இங்கிலாந்தில், 1980-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊராட்சி மன்றங்களின் வாடகை வீடுகளில் இருபது இலட்சத்துக்கு அருகில் விற்றுத் தீர்த்துவிட்டு, இப்போது வீடில்லாதவர்களைத் தங்கவைக்கத் தனியாரிடம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செம்மண் சாலை

எல்லோரும் அடுக்குமாடியைப் பற்றியே பேசுகிறீர்கள். கேள்வி கேட்டவருக்குக் கையில் இருக்கும் நேரம் வேறு. முளை அடித்தாயிற்று, திட்டமிடல் அனுமதி கிடைத்ததா இல்லையா என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது.

நாற்பது எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்பதென்றால், தேசிய நிலச் சட்டத்தின் 214A பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். பிறகு விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். அதற்கும் மேலாக, 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஊராட்சி மன்றம் திட்டமிடல் அனுமதி தர வேண்டும். நகராண்மைக் கழகத்துக்குச் சொந்தமாக வீடு கட்டப் பணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பிறர் கட்டும் திட்டத்துக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரம் அதன் கையில் இருக்கிறது. இத்தனை மலிவு விலை வீடு கட்ட வேண்டும் என்பதும், இருக்கும் பாட்டாளிக் குடும்பங்களுக்கு இத்தனை மனை ஒதுக்க வேண்டும் என்பதும் நிபந்தனையாக வர வேண்டிய இடம் அதுதான். ஒரு ஊராட்சி மன்றம் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமல் வீடுகளைப் பெருக்கக்கூடிய வழி இது ஒன்றே. அனுமதிக் கடிதம் வெளியான மறுநாள் போய் நின்றால், மேம்பாட்டாளரின் கருணையைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

இதில் நமக்கு ஒரு பொல்லாத இடைவெளி உண்டு. நிலப் பயன்பாட்டை வகுக்கும் உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத இடத்தில், அனுமதிக்கு மனு வந்தால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவித்து, 21 நாளுக்குள் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். உரிமையாளர்களுக்கு! மூன்று தலைமுறையாக அந்த நிலத்தின் மேலேயே இருக்கும் லயத்துக்காரருக்கு அறிவிப்பு வராது, ஏனென்றால் அவர் பெயரில் ஓர் அடி மண்ணும் இல்லை. 1965-இல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் பிறகு திரும்பவே இல்லை; உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது; ஓட்டைக் காட்டியும் கேட்க முடியாது. ஆனால் ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. போய் உட்காருங்கள். பேச விடமாட்டார்கள், ஆனால் முப்பது பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் பேசுகிறவர்கள் பேச்சு மாறும்.

இரண்டு ஊர்களை நினைவில் வையுங்கள். புதிய நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்காகப் பிராங் புசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் மக்களை 1990களில் எழுப்பியபோது, அவர்கள் போய்ச் சேர்ந்தது டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு. விரிசல் விட்ட அந்தச் சுவர்களுக்குள் இருந்துகொண்டுதான் வாக்களித்த தரைவீட்டைப் பின்னர் பல்லாண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்களோ ஒன்றாக நின்று தரைவீட்டையே கேட்டன. அவர்களுக்கும் காலம் பிடித்தது, ஆனால் கேட்டதன் வடிவத்தை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆகவே பாரத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பழைய கோப்பு

இதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். தரைவீடு வர ஐந்தாண்டு ஆனால், அதுவரை அந்தத் தாயார் எங்கே இருப்பார்? வாடகை வீட்டுக்கு மனு செய்வது வேறு, உரிமையைக் கைவிடுவது வேறு. கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதினால் போதும். அரசாங்கக் கடிதங்களில் ‘தன்பா பிரஜூடிஸ்’, அதாவது உரிமைக்குப் பாதகமின்றி, என்று போடுவார்களே, அதுதான்.

லயத்துப்பிள்ளை

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் கூடிப் பேசினோம். இரண்டு கருத்துக்கும் ஆள் இருந்தது, குரலும் உயர்ந்தது. கடைசியில், தரைவீட்டுக் கோரிக்கைக் கடிதத்தை 38 குடும்பத் தலைவர்களின் அடையாள அட்டை எண்ணோடு எழுதி, நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் முதலில் கொடுத்தோம். திட்டமிடல் அனுமதிக்கான மனு வந்திருக்கிறது, இன்னும் முடிவாகவில்லை என்று அங்கேயே தெரிந்துகொண்டோம். மறுநாள் வீடமைப்புப் பிரிவில் 31 மனுப் பாரங்களைக் கொடுத்தோம். ஏழு குடும்பங்கள் கொடுக்க மறுத்துவிட்டன; அவர்களை வற்புறுத்தவில்லை.

ஒவ்வொரு பாரத்திலும் கையெழுத்துக்கு மேலே, தோட்ட வீட்டுக் கோரிக்கைக்குப் பாதகமின்றி இம்மனுவைச் செய்கிறோம் என்று மலாயில் என் தங்கை தன் கையால் எழுதியிருந்தாள். முகப்பிடத்தில் இருந்த பெண் அதை இரண்டு முறை படித்தார். உள்ளே போய் ஓர் அதிகாரியை அழைத்து வந்தார். அவரும் படித்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்ற முத்திரையை 31 முறை குத்தினார்கள். நகல்களை நான் வைத்திருக்கிறேன். என் தாயாரின் பாரத்தில் கீழ்த்தளம் என்றும் எழுதியிருக்கிறது.