சிரியா கப்பலில் தமிழர்கள் வந்தார்களா?

வினா:
வணக்கம். ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாகச் சென்ற எங்கள் கொள்ளுத்தாத்தா, நசிலாய் பவளத்திட்டில் மோதி உடைந்த சிரியா என்னும் பாய்மரக் கப்பலிலிருந்து உயிர் தப்பியவர் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். அவர் வட ஆர்க்காட்டுக்காரர், சென்னையில் கப்பலேறியவர் என்பதும் அவர்கள் சொன்னதுதான். இவை இரண்டும் பொருந்துமா?

மறுமொழி 1:
பொருந்தா என்றே கருதுகிறேன். நூர்ஸ் கப்பல் நிறுவனத்தின் சிரியா, 1884 மார்ச் 13 அன்று ஏறத்தாழ 500 பேருடன் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. மே 11, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேவா ஆற்று முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள அத்திட்டில் மோதியது. படகுகளில் பெரும்பாலானவை நொறுங்கிவிட்டதால், கரை அவ்வளவு அருகில் இருந்தும் மக்கள் சாய்ந்த கப்பலைப் பற்றிக்கொண்டு உதவிக்காகக் காத்திருக்க நேர்ந்தது. மருத்துவர் வில்லியம் மெக்ரெகர் தலைமையில் மீட்புக் குழு வந்தது. ஆயினும் 56 பயணிகளும் லஸ்கர்கள் எனப்படும் இந்திய மாலுமிகள் 3 பேரும் மாண்டனர். கப்பல் தலைவரின் கவனக்குறைவால் நேர்ந்த இச்சாவுகளை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை. சென்னையிலிருந்து ஃபிஜிக்கு ஆள் அனுப்பத் தொடங்கியதோ 1903இல்தான்.

மறுமொழி 2:
மேலே சொல்லப்பட்ட ஆண்டுக் கணக்கு சரியானது. எனினும் வீட்டுக் கதையைப் பொய்யென்று தள்ளிவிட வேண்டாம். கொள்ளுப்பாட்டியின் வழியில் வந்த செய்தி, காலப்போக்கில் கொள்ளுத்தாத்தாவின் பெயரில் ஏறியிருக்கலாம். சென்னை வழியாக வந்த சுமார் 15,000 பேரில் ஆண்களே மிகுதி என்பதால், முன்னரே குடியேறிய வடநாட்டுக் குடும்பங்களில் பெண்ணெடுத்தவர்களும் உண்டு. ஃபிஜித் தலைநகர் சுவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொருவருக்குமான எமிகிரேஷன் பாஸ் என்னும் குடியேற்றச் சீட்டு பாதுகாக்கப்படுகிறது. கப்பலின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை அதில் இருக்கும். தமிழ்ப் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ஆகையால் பெயரைக் காட்டிலும் ஊரையும் தந்தை பெயரையும் கொண்டு தேடுவதே நல்லது.

வினவியவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. என் பாட்டி, தம் தாயைப் பெற்றவரை எப்போதும் "நானி" என்றே குறிப்பிடுவார். அது இந்திச் சொல் என்பதை இத்தனை ஆண்டுகளாக நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. கொள்ளுத்தாத்தாவின் சீட்டை 1903க்குப் பிந்தைய கப்பல்களிலும், அந்த அம்மையாரின் சீட்டைச் சிரியாவின் பட்டியலிலும் தேடப்போகிறேன்.