ஒவ்வொரு வேலைக்கும் 20% கூட்டிப் போட்டும் அட்டவணை சறுக்குகிறது, ஏன்?

கேள்வி
மென்பொருள் திட்டம், 40 வேலைகள், கிரிட்டிக்கல் பாத் (முடிவு நாளைத் தீர்மானிக்கும் மிக நீளமான வேலைத் தொடர்) 110 நாள். எல்லா வேலைக்கும் 20% கூட்டித்தான் போட்டிருக்கிறது. ஆனாலும் மூன்று கிளைகள் வந்து சேரும் சோதனைக் கட்டம் ஒருபோதும் குறித்த நாளில் தொடங்குவதில்லை. நிச்சயமின்மையை அட்டவணைக்குள் எப்படிக் கொண்டுவருவது? மேலிடத்துக்கு எந்தத் தேதியைச் சொல்வது?

பதில் 1
முதலில் அந்த 20%-ஐ எடுத்துவிடுங்கள். 10 நாள் வேலைக்கு 12 நாள் என்று போட்டால், பத்தாம் நாளே முடித்தவரும் பன்னிரண்டாம் நாள்தான் ஒப்படைப்பார். மிச்சமான நாள் அங்கேயே கரைந்துவிடும். தாமதம் மட்டும் அடுத்த வேலைக்கு அப்படியே போய்ச் சேரும்.

அதற்குப் பதில் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று மதிப்பு வாங்குங்கள்: எல்லாம் நன்றாகப் போனால், வழக்கமாக, மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று. மோசமான மதிப்பை முதலில் கேட்பது முக்கியம். "10 நாள்" என்று வாயில் வந்த பிறகு கேட்டால் "12" என்பார்கள். முதலிலேயே கேட்டால்தான் 18 வெளியே வரும். 8, 10, 18 என்றால், இந்த மூன்றிலிருந்து சராசரிக் காலத்தைக் காணும் பெர்ட் கணக்குப்படி (8 + 4×10 + 18) ÷ 6 = 11 நாள். திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து நாள்கள் எவ்வளவு சிதறும் என்பதன் அளவு, (18 − 8) ÷ 6, ஏறத்தாழ 1.7.

பதில் 2
அது சரி, ஆனால் கேட்டவரின் சிக்கல் கிளைகள் சேரும் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் குறித்த நாளில் முடிய 80% வாய்ப்பு என்றாலும், மூன்றும் முடிய 0.8 × 0.8 × 0.8, அதாவது 51%தான். பெர்ட் மிக நீளமான பாதையை மட்டுமே பார்ப்பதால் இது அதன் கண்ணில் படாது. மான்டே கார்லோ ஓட்டுங்கள், எக்செல்லே போதும். ஒவ்வொரு வேலைக்கும் அதன் மூன்று மதிப்புகளுக்குள் ஒரு கால அளவைத் தற்செயலாக எடுத்து, கிளைகள் சேருமிடத்தில் பெரியதை வைத்து, முடிவு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி 5,000 முறை. அவற்றில் 80% ஓட்டங்கள் எந்த நாளுக்குள் முடிகின்றனவோ அதுதான் பி80; வெளியே சொல்ல வேண்டிய தேதி. பி50-க்கும் (பாதி ஓட்டங்கள் முடியும் நாள்) அதற்கும் உள்ள இடைவெளியை வேலைகளுக்குப் பிரித்துக் கொடுக்காமல், திட்டத்தின் கடைசியில் ஒரே பஃபராக (கூடுதல் கையிருப்பு நாள்களாக) வையுங்கள்.

பதில் 3
இரண்டு இடத்தில் கணக்கு ஏமாற்றும். திட்டவிலக்கம் 2 நாள் உள்ள ஐந்து வேலைகள் அடுத்தடுத்து வருகின்றன என்று வைப்போம். ஒன்றையொன்று சாராதவை என்றால் மொத்தத் திட்டவிலக்கம் 4.5 நாள். ஐந்தையும் ஒரே குழு செய்து, ஒன்று இழுத்தால் எல்லாமே இழுக்கும் என்றால் அது 10 வரை போகும். இந்தத் தொடர்பை விட்டுவிட்டால் பி80 பொய்யாக முன்னால் வந்து நிற்கும்.

அடுத்தது, நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்ற ஆபத்துகள். சர்வர் வராமல் 15 நாள் போக 30% வாய்ப்பு என்றால் சராசரியாக 4.5 நாள் சேர்க்காதீர்கள், அந்த 4.5 நாள் நிஜத்தில் வரவே வராது. 30% ஓட்டங்களில் 15, மற்றவற்றில் 0 என்று கொடுங்கள்.

கேட்டவர்
ஓட்டிப் பார்த்தேன். பி50, பி80 இரண்டும் ஒரே நாளைக் காட்டுகின்றன!

பதில் 2
எங்கோ "இந்த நாளில் முடிய வேண்டும்" என்று தேதியைப் பூட்டியிருக்கிறது. அதை எடுங்கள். அடுத்து எதனோடும் இணைக்காமல் தொங்கும் வேலைகளையும் தேடுங்கள். அவற்றின் தாமதம் முடிவு நாளை எட்டவே எட்டாது.