புதுப்பிப்பு: மதர்போர்டை மாற்றவில்லை, பிராசசர் மட்டும்தான்

ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம் உள்ள என் கணினியை வீடியோ எடிட்டிங்குக்காக மேம்படுத்தும்போது போர்டையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தேன். ஏஎம்டியின் புதிய பிராசசர்கள் உட்காரும் ஏஎம்5 வகை போர்டுக்குப் போய்விடச் சொல்லிப் பலர் எழுதியிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பழைய போர்டையே வைத்துக்கொண்டேன்.

ஏஎம்5 போர்டில் டிடிஆர்4 ராம் பொருந்தாது. ஆக பிராசசர், போர்டு, ராம் மூன்றையும் புதிதாக வாங்க வேண்டும். என் போர்டிலேயே எட்டு கோர் உள்ள ரைசன் 7 5700எக்ஸ் உட்காரும். அதுவும் பழையதைப் போல 65 வாட்தான், பவர் சப்ளையைத் தொடவே வேண்டாம். பெட்டியில் கூலர் வராது, அவ்வளவுதான்.

இதைச் செய்யப்போகிறவர்கள் போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மறந்துவிடாதீர்கள். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே அப்டேட் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் போர்டுக்குப் புதியதை அடையாளம் தெரியாது, திரையில் ஒன்றும் வராது. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம், அதனால் யுபிஎஸ் கட்டாயம். அதற்கும் முன்னால், போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பிராசசர் பட்டியலைப் பாருங்கள்.

இப்போது ரெண்டரிங் நன்றாகவே வேகம் கூடியிருக்கிறது, எனக்கு முழுத் திருப்தி.

அப்புறம், இன்டெல் 8ஆம் தலைமுறை பிராசசர் வைத்திருந்து இதே கேள்வியைக் கேட்ட நண்பருக்கு: உங்கள் 300 வரிசை போர்டு 9ஆம் தலைமுறையோடு நின்றுவிடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் போர்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.