பனி பாக்கப் போயி காஞ்ச புல்லப் பாத்துட்டு வந்தோம், உங்க கதையும் சொல்லுங்க

கமாயுட்காரன்:
2024 ஜனவரி. ரங்கூன்லேர்ந்து மூணு ஃபிளைட்டு மாறி குல்மார்க் போனா பனியே இல்லங்க, அந்தத் தடவ காஷ்மீர் பூராவும் அப்பிடித்தான், நியூஸ்லகூட வந்துச்சு. எங்க பர்மாக் காசு கியாட் இருக்குற நெலமைல எத்தன வருஷச் சேமிப்பு தெரியுமா. கோண்டோலா கேபிள் கார்ல மேல போயும் பாறை இடுக்குல திட்டுத் திட்டாத்தான் இருந்துச்சு. எம்பையன் வாடக ஸ்கீ பூட்ஸக் கழட்ட மாட்டேன்னு அந்த மஞ்சப் புல்லு மேலயே டக்கு டக்குனு நடந்துக்கிட்டு இருந்தான், அதான் இன்னும் கண்ணுல நிக்குது. நாங்க ஊரு திரும்புன கையோட மாசக் கடைசில அங்க கொட்டித் தீத்துருச்சு!

மோல்மீன் அக்கா:
ஜனவரில போனது ஒங்க தப்பு தம்பி. நாங்க பிப்ரவரில போனோம், முழங்காலுக்கு மேல பனி. எங்கம்மா, பர்மால வெயிலுக்கு மொகத்துல அரச்சுப் பூசுவோம்ல, அந்தத் தனக்கா கட்டையும் கல்லும் பொட்டில வச்சுக் கொண்டாந்துட்டாங்க, காலைல ரூம்லயே அரச்சு கன்னம் நெத்தியெல்லாம் பூசிக்கிட்டு வந்து நிக்கவும் ஸ்லெட்ஜ் இழுக்குறவரு வச்ச கண்ணு வாங்காமப் பாத்தாரு. எனக்கு மானமே போச்சு. சாயங்காலம் பாத்தா பனில பட்டுத் தெறிச்ச வெயில்ல எம்மூக்கு உரியுது, அம்மா மொகம் அப்பிடியே இருக்கு.

தட்டோன் தம்பி:
அக்கா, ஜனவரி தப்புன்னு எப்பிடிச் சொல்றீங்க? டிசம்பர் 21லேர்ந்து 40 நாள் சில்லை கலான், காஷ்மீர்க்காரங்களுக்கே அதான் கடுங்குளிர் காலம். வானம் ஏமாத்துனா அவரு என்ன பண்ணுவாரு. நான் கொரியால வேலைல இருந்தப்ப யோங்பியோங் போனேன், 2018 ஒலிம்பிக்குக்கு மலைச்சறுக்கு நடந்த எடம், முன்னால கியூல நின்ன நாலு பேரையும் சேத்து உருட்டி விட்டுட்டேன், அவ்ளோதான் என் கத. ஆனா ஒண்ணு, அங்க மழ மேகம் வேணாம், குளிர் இருந்தாப் போதும், தண்ணியயும் காத்தையும் மெஷின்ல பீச்சி பனியாக்கிருவான். சின்னப் புள்ள இருந்தா அங்கதான் போகணும். குல்மார்க்தான்னா பனி விழுந்த சேதி கேட்டுட்டு டிக்கட் போடுங்க, கோண்டோலாவுக்கு ஆன்லைன்ல முன்னாடியே புக் பண்ணிருங்க, பனிக் காலத்துல மலைக்குக் கீழ இருக்குற தங்மார்க்ல எறங்கி டயர்ல சங்கிலி மாட்டுன வண்டிக்கு மாறணும், அதுக்குத் தனிக் காசு. வெளி மாநில ப்ரீபெய்டு சிம்மு அங்க எடுக்காது, எனக்கு ஸ்ரீநகர்ல எறங்குனதுமே செத்துப்போச்சு. கையுறை ரெண்டு செட்டு, சாக்ஸ் நாலு

கமாயுட்காரன்:
தம்பி, நான் சாக்ஸ் கணக்கா கேட்டேன்? அக்கா, அந்தக் குளிர்ல தனக்காவுக்குத் தண்ணி?

மோல்மீன் அக்கா:
ஃபிளாஸ்க்ல இருந்த பிளேண்டிய, அதான் பாலில்லாத டீய ஊத்தித்தான் அரச்சாங்க 😂