ஒரே வேதம், மூன்று சபைகள்: யோசனை சொல்லுங்கள்

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். என் மிகைபுனைவு நாவலில் ஒரு தீவு, மூன்று சபைகள், ஒரே வேதச்சுவடி. "கடல் திரும்பும்" என்கிறது ஒரு சபை. "திரும்பாது" என்கிறது மற்றது. சுவடியில் அந்தச் சொல்லின் கடைசி எழுத்துகள் இருந்த இடத்தைக் கறையான் அரித்துவிட்டது. மூன்றாவது சபை அந்த ஓட்டையையே முத்தமிடுகிறது! (1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்துப் பவளக்கல் சுவரருகே நின்றபோது தோன்றியது.)

ஒரு சொல்லுக்காகவா பிரிவார்கள் என்று தங்கை சிரிக்கிறாள். கிறிஸ்தவர்களின் விசுவாசப் பிரமாணத்தில், தூய ஆவி தந்தையிடமிருந்து வருகிறார் என்ற இடத்தில், மேற்குத் திருச்சபை சேர்த்த 'மகனிடமிருந்தும்' என்ற சொல், மேற்கு, கிழக்குத் திருச்சபைகளின் 1054 பிளவுக்கு ஒரு காரணம் என்றேன், அவள் மசியவில்லை.

சொல்லுக்கு அடியில் வேறொரு சண்டையும் ஓட வேண்டும் போலிருக்கிறது. கல்லறை நிலமா, பெண் கொடுப்பதா, முதல் வலையின் மீன் யாருக்கு என்பதா? எதை நீங்கள் நம்புவீர்கள்? நான் மீன் பக்கம் சாய்கிறேன்.