மறு: ‘கூகுளற்ற கைபேசி’க்கு மாற்றாக ‘அணிசாராக் கைபேசி’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். கூகுளையோ ஆப்பிளையோ சார்ந்திராத இயங்குதளம் கொண்ட திறன்பேசிகளுக்குத் தமிழில் ஒரு கலைச்சொல் தேடும் நம் இழையில் எழுந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘கூகுளற்ற கைபேசி’ என்றே வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் உடனே புரியுமே?

புரியும் என்பது உண்மைதான் ஐயா. ஆனால் ஐபோனும் கூகுளற்றதுதான். 2019இல் அமெரிக்க வர்த்தகத் தடையால் கூகுள் சேவைகளை இழந்து, தனக்கென ஒரு செயலிக் கடையையும் ஹார்மனி இயங்குதளத்தையும் கட்டிக்கொண்ட ஹுவாவேயின் கைபேசிகளும் கூகுளற்றவையே. நாம் பெயர் தேடுவது இவற்றுக்கு அல்ல. மாறாக, நாம் உண்மையில் குறிக்க விரும்பும் கிராபீன்ஓஎஸ் (ஆண்ட்ராய்டின் திறந்த நிரலிலிருந்து பாதுகாப்பை முதன்மையாக்கி உருவான இயங்குதளம்) பல ஆண்டுகளாகக் கூகுளின் பிக்சல் கைபேசிகளையே நம்பி வந்துள்ளது. கைபேசி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரைப் பிக்சலில் திறந்து வேறோர் இயங்குதளத்தை நிறுவிய பின், அந்த இயங்குதளத்தை உறுதிசெய்யும் மின்சாவியைக் கொண்டே அதை மீண்டும் பூட்டிவிடலாம். பல நிறுவனங்களின் கருவிகளில் இதற்கு வழியில்லை. கூகுள் தயாரித்த கருவியைக் கூகுளற்றது என்று அழைக்க வேண்டிய நிலைக்கு ஒரு கலைச்சொல் நம்மைத் தள்ளக் கூடாது.

‘கட்டற்ற கைபேசி’ என்ற பரிந்துரை எனக்கும் பிடித்தமானதே. எனினும் ‘கட்டற்ற மென்பொருள்’ என்பதில் அச்சொல்லுக்கு, நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை உண்டு என்ற வரையறுத்த பொருள் நிலைத்துவிட்டது. ஆண்ட்ராய்டின் திறந்த நிரலில் எழுந்த லினியேஜ்ஓஎஸ் இயங்குதளத்தை நிறுவிய கைபேசியிலும், செல்பேசி வலையமைப்போடு இணைக்கும் மோடத்தை இயக்கும் நிலைபொருளும் (firmware) பல வன்பொருள் இயக்கிகளும் மூடிய நிரல்களாகவே இருக்கின்றன. பின்புற மூடியைக் கழற்றினால் மோடம், ஒலிவாங்கி, கேமரா ஆகியவற்றைத் தனித்தனியே துண்டிக்கும் சிறு நிலைமாற்றிகளைக் காட்டும் லினக்ஸ் கைபேசியான பைன்போன்கூட, மோடத்தின் உட்பகுதியைப் பொறுத்தவரை முழுக்கக் கட்டற்றதன்று.

எனவே ‘அணிசாராக் கைபேசி’ என்று முன்மொழிகிறேன். ‘அணிசாரா நாடுகள்’ என்று நாளிதழ்கள் பல்லாண்டு எழுதிப் பழகிய சொல் இது. கூகுள், ஆப்பிள் என இரு பெரும் அணிகள் இருக்கின்றன, இது இரண்டிலும் சேரவில்லை என்பதை விளக்கமின்றியே உணர்த்திவிடும். ‘செல்லாக்காசு’ போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாதலால் வல்லினம் மிகும்; ‘அணிசாரா இயங்குதளம்’ என்று எழுதும்போது அச்சிக்கல் இல்லை. ஓரணியை விட்டு விலகித் தானே புதியதோர் அணியாகும் ஹுவாவேயை இச்சொல் இயல்பாகவே வெளியே நிறுத்திவிடுகிறது என்பது எனக்கு இதில் பிடித்த கூறு.

> மைக்ரோஜி உள்ள கைபேசியை எதில் சேர்ப்பீர்கள்?

இதுதான் கடினமான கேள்வி. ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட /இ/ஓஎஸ் இயங்குதளம் தன்னுடனேயே கொண்டுவரும் மைக்ரோஜி, கூகுள் சேவைகளுக்கு மாற்றாக எழுதப்பட்ட கட்டற்ற நிரல்; ஆயினும் செயலிகளின் அறிவிப்புகளைப் பெறக் கூகுளின் வழங்கியோடு தொடர்புகொள்கிறது. கிராபீன்ஓஎஸ் வேறு வழியில் செல்கிறது: விரும்புவோர் கூகுளின் அசல் சேவைகளையே நிறுவிக்கொள்ளலாம், ஆனால் அவை மற்றச் செயலிகளைப் போலவே அடைப்புக்குள் இயங்குமேயன்றிச் சிறப்பு உரிமை எதையும் பெறுவதில்லை. தொடர்பு இருக்கிறதா என்பதை அளவுகோலாக்கினால் இத்தகைய கைபேசிகள் பலவும் தேறா. ஆகவே உரிமையும் கட்டாயமுமே அளவுகோலாகட்டும். என் வரைவு இது:

அணிசாராக் கைபேசி: கூகுள், ஆப்பிள் போன்ற பெருநிறுவனமொன்றின் கணக்கைக் கட்டாயமாக்காமலும், அதன் மூடிய சேவைக் கூறுகளுக்கு இயங்குதளத்தில் சிறப்பு உரிமை அளிக்காமலும் இயங்கும் திறன்பேசி.

லினக்ஸ் சார்ந்த செய்ல்ஃபிஷ், உபுண்டு டச் ஆகிய இயங்குதளங்கள் கொண்ட கைபேசிகள் இதனுள் எளிதாக அடங்கும். லினியேஜ்ஓஎஸ்மீது, சிறப்பு உரிமையோடு இயங்கும் கூகுள் செயலித் தொகுப்பை ஏற்றிக்கொண்டால் அது வெளியேறிவிடும். கைபேசியும் இயங்குதளமும் கூகுள் அங்கீகரித்தவையா என்று பார்க்கும் பிளே இன்டெக்ரிட்டி சோதனையைக் காட்டிச் சில வங்கிச் செயலிகள் இத்தகைய கைபேசிகளில் இயங்க மறுப்பதை வரையறையில் சேர்க்க வேண்டும் என்றார் ஒரு நண்பர். வாங்குவோர் முதலில் கேட்டறிய வேண்டிய செய்தி அதுவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது பொருளின் இயல்பன்று, செயலியை வெளியிடுவோரின் முடிவு என்பதால் கலைச்சொல் பதிவின் கீழே குறிப்பாக இடம்பெறுவதே முறை.